இரவல் கீப்பர்

நான்கு நாடுகளை அழைத்திருந்தார்கள்.
மூன்று வந்தன.
மூன்றாவதிலும் பாதி அணி, டில்லி விமான நிலையத்தில்
ஒரு முத்திரைக்காகக் காத்திருந்தது.
அந்தப் பாதியில்தான் அவர்களுடைய
இரண்டு கீப்பர்களும்.

கிர்கிஸ்தான் பயிற்சியாளர் விரல்விட்டு எண்ணினார்.
பத்து. மறுபடி எண்ணினார். பத்துதான்.
டிக்கெட் விற்றாயிற்று, டிவி வண்டி கேட்டருகே நிற்கிறது,
அசோக் நகர் மைதானத்தின் மேல் பெங்களூரு மழை
இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது.

'கணக்கில் வராத ஆட்டமாக வைத்துக்கொள்வோம்.
உங்களிடம் மூன்று கீப்பர் இருக்கிறார்களே,
ஒருத்தியைக் கொடுங்கள்.'
பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பதுபோல.

என்னைக் கொடுத்தார்கள்.
ஜெசிந்தா, ஆஸ்டின் டவுன், மூன்றாவது கீப்பர்.
வீட்டிலிருந்து இங்கே நடந்தே வரலாம்,
பதினொரு நிமிடம், சிக்னலில் மாட்டாவிட்டால் எட்டு.
ஆனால் பெஞ்சிலிருந்து கோல் கம்பம்வரை போக
இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மஞ்சள் சட்டை. முதுகில்
எனக்கு உச்சரிக்க வராத ஒருத்தியின் பெயர்.
அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள்.
மழைக்கு முன்பே அது உரிந்துவிட்டது.

முதலில் அவர்களுடைய கீதம்.
இருபக்கமும் தோள்கள் என் தோளோடு.
வாயை மூடி நிற்பதா, சும்மா அசைப்பதா?
அடுத்து நம்முடையது. அப்போதும்
அதே வரிசையில் நின்றேன்; வாய் தன்னால் அசைந்தது.
பக்கத்தில் நின்ற நூர்ஜாத் திரும்பிப் பார்த்தாள்,
தோளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

அவள்தான் எனக்கு ஒரே ஒரு சொல் கற்றுக்கொடுத்தவள்:
மெனிகி. என்னுடையது.
பந்து உயரே வந்தால் அப்படிக் கத்து, நாங்கள் விலகுவோம்.
முதல் கார்னரில் பயத்தில் அது மறந்து
'விடு விடு விடு' என்றேன்.
விலகினார்கள்.

'ஏ ஜெசி, எவங்க பக்கம்மா நீ?'
கிழக்கு கேலரியில் எங்கள் ஏரியாப் பையன்கள்.
பாதி சிரிப்பு.
மீதி என்னவென்று தெரியவில்லை.

எழுபத்தெட்டாவது நிமிடம், இன்னும் கோலே இல்லை.
பெனால்டி.
தோய்பி பந்தை வைக்கிறாள்.
முகாமில் என் அறைத்தோழி.
என் ஷாம்பூ அவளுடையது,
பிஷ்ணுபூரிலிருந்து அவள் அம்மா அனுப்பும் மிளகாய்
என்னுடையது.
பயிற்சி முடிந்து இருட்டும்வரை
அவள் எனக்கு அடித்த பெனால்டிகள் நானூறு இருக்கும்.
இடதுகாலை ஊன்றுமுன் ஒருதரம் மூக்கை உறிஞ்சினால்
என் வலப்பக்கம், தாழ.
அவளுக்கே தெரியாது அது.
இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று
அந்த நொடியில்தான் என்னையே கேட்டேன்.

உறிஞ்சினாள்.

சேறு, முழங்கை, கம்பம், வானம்.
பந்து என் நெஞ்சுக்கடியில்
நனைந்த பூனைபோல் ஒருமுறை திமிறி அடங்கியது.
யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல்
மொத்த மைதானமும் மூச்சைப் பிடித்திருந்தது.
முதல் விசில் கிழக்கு கேலரியிலிருந்துதான்.
மெனிகி, என்றேன் தரையிடம்,
பக்கத்தில் யாருமே இல்லாதபோது.

இரவு எட்டரைக்கு வந்த முடிவுப் பட்டியலில்
எங்கள் ஆட்டத்துக்கு நேரே ஒரு கோடு.
டில்லியிலிருந்து மீதிப் பேரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.
சட்டையை அலசித்தான் கொடுத்தேன்,
வலது முழங்கைச் சேறு போகவில்லை.
அதன் சொந்தக்காரி வாங்கினாள், அந்த இடத்தைப் பார்த்தாள்,
கறை உள்ளே போகும்படி மடித்துக்கொண்டாள்.

அறையில் விளக்கை அணைத்துவிட்டிருந்தாள் தோய்பி.
தூங்கவில்லை, மூச்சிலேயே தெரியும்.
மின்விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது.
நெடுநேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடி,
'எப்படித் தெரிந்தது?' என்றாள்.

சொல்கிறேன், என்றேன்.
ஃபைனல் முடியட்டும்.

இருட்டில் ஒருமுறை
மூக்கை உறிஞ்சினாள்.